கேள்வி – பதில்: திறந்து பார்க்கத் தரும் இசை

சென்ற இதழில், கணினி விளையாட்டுகளின் பின்னணி இசை பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது ‘டெமோசீன்’ என்ற சொல்லை விளக்கம் ஏதுமின்றி ஒரு வரியில் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை பகுதி முழுவதையும் நிரப்பிவிட்டன. ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை இணைத்தும் நீண்டவற்றைச் சுருக்கியும் தந்திருக்கிறேன்.

கேள்வி: டெமோசீன் என்பது இசை இயக்கமா, நிரல் எழுதுவோர் கூடும் கூட்டமா? விளையாட்டுகளுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

பதில்: அதன் பிறப்பு அவ்வளவு கண்ணியமானது அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1982-இல் வெளிவந்த காமடோர் 64 என்ற வீட்டுக் கணினி ஐரோப்பாவில் பரவிய நாள்களில், விளையாட்டு வட்டுகளின் நகல் தடுப்பை உடைத்து ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொண்ட இளைஞர் குழுக்கள், உடைத்தவர்கள் தாங்கள்தான் என்று பறைசாற்றுவதற்காக, விளையாட்டு தொடங்குமுன் தோன்றும் ஒரு சிறு காட்சியை அதில் ஒட்டிவைத்தன. ஓடும் எழுத்துகளில் பிற குழுக்களுக்கு வாழ்த்தும் வசவும், நெளிந்தாடும் ஒரு சின்னம், பின்னணியில் ஒரு மெட்டு. அதில் இருந்தது இவ்வளவே. சில ஆண்டுகளில் பூட்டை உடைப்பதைக் காட்டிலும் அந்த முகப்புக் காட்சியை மற்றவர் வியக்கும்படி செய்வதே பெரிய காரியமாகிவிட, விளையாட்டு உதிர்ந்துபோய்க் காட்சி மட்டும் தனியாக நின்றது. அதுவே ‘டெமோ’. அதைச் செய்வோரும் பார்ப்போரும் சேர்ந்த வட்டமே டெமோசீன்.

டெமோவைக் காணொளி என்று எண்ணிவிடக் கூடாது. கணினி அந்தந்த நொடியில் கணக்கிட்டு வரைந்தும் ஒலித்தும் காட்டுகிற நிரல் அது. ஆகவே பெரும்பாலான குழுக்களில் நிரலாளர், ஓவியர், இசையமைப்பாளர் என்று வேலை பிரிந்திருக்கும். ஏறக்குறைய எல்லோரும் புனைபெயரில்தான் உலவுவார்கள். டென்மார்க்கில் 1991-இல் தொடங்கிய ‘தி பார்ட்டி’, 1992-இல் பின்லாந்தில் தொடங்கிய ‘அசெம்பிளி’, அதே ஆண்டில் நார்வேயில் தொடங்கிய ‘தி கேதரிங்’ போன்ற கூடல்களில் டெமோவுக்கு ஒரு போட்டி, படத்துக்கு ஒரு போட்டி, இசைக்கு ஒரு போட்டி என்று பிரித்து வைத்தபோதுதான் இசை தன் காலில் நின்றது. இன்று அதிகம் பேசப்படும் கூடல், 2011 முதல் ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி ஜெர்மனியின் சார்ப்ரூக்கன் நகரத்தோடு பெயர் சேர்ந்துவிட்ட ‘ரிவிஷன்’.

கேள்வி: உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு அந்த வகை இசையைத் தேடிக் கேட்டேன். சுரங்கள் ஒரு நிலையில் நில்லாமல் நீர் கொப்பளிப்பதைப் போல் ஒலிக்கின்றன. இது வேண்டுமென்றே செய்வதா, கருவியின் குறையா?

பதில்: குறையில் பிறந்தது, பிறகு விரும்பியே வைத்துக்கொள்ளப்பட்டது.

காமடோர் 64-இல் இருந்த ‘சிட்’ என்னும் ஒலிச் சில்லை வடிவமைத்தவர் பாப் யானஸ். அவர் பின்னாளில் என்சோனிக் என்ற மின்னிசைக் கருவி நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவர். ஆகவே விளையாட்டுச் சத்தம் எழுப்பும் ஒரு பொம்மையாக அல்லாமல் ஓர் இசைக்கருவியாகவே அதை அவர் எண்ணியிருக்கிறார். முக்கோணம், ரம்பப்பல், துடிப்பு, இரைச்சல் என நான்கு அலைவடிவங்கள், ஒலி எழுந்து தணியும் விதத்தை வரையறுக்கும் அமைப்பு, ஒரு வடிகட்டி எல்லாம் அதில் உண்டு. ஆனால் குரல்கள் மூன்றே மூன்று. மெட்டுக்கு ஒன்று, கீழ்ஸ்தாயிச் சுரத்துக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டால் தாளத்துக்கும் இணைசுரங்களுக்கும் மிஞ்சுவது ஒற்றைக் குரல்தான். மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலிக்க வேண்டிய இடத்தில் ஒரே குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதற்குக் கண்ட வழிதான் நீங்கள் கேட்ட கொப்பளிப்பு. ஐரோப்பியத் தொலைக்காட்சித் திரை நொடிக்கு 50 முறை புதுப்பிக்கப்படும். இசை நிரலும் அந்தத் துடிப்புக்கு ஒருமுறை எழுப்பப்பட்டு, சில்லுக்குப் புதிய கட்டளைகளைத் தந்துவிட்டு மீண்டும் உறங்கும். ஒவ்வொரு எழுப்பலிலும் முதல் சுரம், மூன்றாம் சுரம், ஐந்தாம் சுரம் என்று ஒற்றைக் குரலைத் தாவவிட்டால், காது அவற்றைத் தனித்தனியாக எண்ண முடியாமல் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறது. முழுவதும் சேராமல் ஓர் அதிர்வும் மிஞ்சுகிறது. மேளச் சத்தமும் இப்படிப்பட்ட கண்கட்டுதான்: நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் இரைச்சல், அடுத்த சில துடிப்புகளில் மளமளவென்று இறங்கும் ஒரு சுரம், அதோடு அந்தக் குரல் வேறு வேலைக்குப் போய்விடும். மூன்று பேர் மட்டும் உள்ள நாடகக் குழு, உடை மாற்றி மாற்றி ஊர் முழுவதையும் மேடையில் காட்டுவதை ஒத்தது இது.

1985-இல் வந்த அமிகா கணினி பதிவு செய்த ஒலித் துண்டுகளையே நான்கு தடங்களில் ஒலிக்க வல்லது. இனி இந்த உடை மாற்றம் தேவையில்லை என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். நடந்தது நேர்மாறு. வட்டில் இடத்தை மிச்சப்படுத்துவதற்காக, ஓர் அலையின் ஒரே ஒரு சுற்றை மட்டும் மாதிரி ஒலியாக வைத்து அதைச் சுழலவிட்டு, பழைய சில்லின் குரலைப் போலி செய்து மிகச் சிறிய மெட்டுகளைக் கட்டினார்கள். ‘சிப்டியூன்’ என்ற பெயர் நிலைபெற்றது இந்தப் போலி மெட்டுகளுக்குத்தான். பெயர் பழைய கருவியுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கும் பலருக்கு இது வியப்பாக இருக்கும்.

கேள்வி: ‘மாட்’ கோப்புக்கும் நாம் அன்றாடம் கேட்கும் எம்பி3 கோப்புக்கும் என்ன வேறுபாடு? இரண்டும் பாட்டுத்தானே?

பதில்: இம்மாதம் வந்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், ஏனென்றால் இந்த உலகம் முழுவதும் இதன் விடையின்மேல்தான் நிற்கிறது.

எம்பி3 என்பது நிகழ்ந்து முடிந்த ஓர் ஒலியின் பதிவு. மாட் கோப்பிலோ சுரத்தாளும் வாத்தியங்களும் ஒரே பொட்டலமாகக் கட்டப்பட்டிருக்கின்றன. கேட்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் கணினி அந்தத் தாளைப் பார்த்து அந்த வாத்தியங்களை வாசிக்கிறது. 1987-இல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி என்ற ஜெர்மானியர் அமிகாவுக்காக எழுதிய ‘அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்’ என்ற மென்பொருளிலிருந்து இந்த வடிவம் கிளைத்தது. இதன் வழிவந்த மென்பொருள்கள் அனைத்துக்கும் ‘டிராக்கர்’ என்பதே பொதுப்பெயராகிவிட்டது.

டிராக்கரின் திரையில் இசை இடமிருந்து வலமாகப் போவதில்லை. மேலிருந்து கீழாக ஓடுகிறது. நான்கு தடங்களுக்கு நான்கு பத்திகள், ஒரு பக்கத்துக்கு 64 வரிகள். ஒவ்வொரு கட்டத்திலும் எந்தச் சுரம், எந்த வாத்தியம், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்ற மூன்று செய்திகள் மட்டும் இருக்கும். மூன்றாவது செய்திக்கு ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் போதும்: ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல், நடுங்கு, ஒலியைத் தணி, மேலே சொன்ன மூன்று சுரத் தாவலைச் செய். கட்டம் ஒன்றுக்கு நான்கு பைட்டுகள் வீதம் ஒரு பக்கம் முழுவதும் 1,024 பைட்டுகளில் அடங்கிவிடும். வழக்கமான அமைப்பில் ஒரு வரிக்கு ஆறு துடிப்புகள், நொடிக்கு 50 துடிப்புகள். அதாவது ஒரு வரி 0.12 நொடி நீடிக்கும், நான்கு வரிகளை ஓர் அடியாகக் கொண்டால் நிமிடத்துக்குச் சரியாக 125 அடிகள் வரும். அந்தக் காலத்து மெட்டுகளில் எண்ணற்றவை இந்த ஒரே வேகத்தில் ஓடுவதற்குக் காரணம் இசையமைப்பாளர்களின் ரசனை ஒற்றுமை அன்று. அமைப்பை மாற்ற யாரும் மெனக்கெடவில்லை, அவ்வளவுதான்.

மூன்று நிமிடப் பாட்டு சாதாரணத் தரத்து எம்பி3-ஆக ஏறத்தாழ மூன்று மெகாபைட் ஆகும். அதே நீளமுள்ள மாட் கோப்பு வாத்தியங்களோடு சேர்ந்தே பெரும்பாலும் சில நூறு கிலோபைட்டுக்குள் முடிந்துவிடும். இருந்தாலும் அளவை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். முதலில் வைப்பது, கோப்பைத் திறந்தால் எல்லாம் தெரியும் என்பதை. ஒரு தடத்தை நிறுத்திவிட்டு மற்ற மூன்றையும் கேட்கலாம். அந்த இடத்தில் எதிரொலி எப்படி வந்தது என்று பார்த்தால், அதே மெட்டு மூன்று வரி தள்ளிப் பக்கத்துப் பத்தியில் தணிந்த ஒலியில் எழுதப்பட்டிருப்பது கண்ணுக்குத் தெரியும். ஆசிரியர் எவரும் இல்லாமல் ஒரு தலைமுறை இசையமைக்கக் கற்றது இப்படித்தான். ஒருவர் பாட்டைத் திறந்து இன்னொருவர் படித்தார். சில வேளைகளில் அதிலிருந்த வாத்தியத்தையும் எடுத்துக்கொண்டார். வாத்தியத்தை எடுக்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. சுரங்களை எடுப்பது மட்டும் மன்னிக்க முடியாத குற்றம்.

இன்னொன்றும் உண்டு. பிற்கால மாட் கோப்பில் 31 வாத்தியங்களுக்கு இடமும், ஒவ்வொன்றின் பெயருக்கு 22 எழுத்துகளும் ஒதுக்கப்பட்டிருந்தன. வாத்தியங்களுக்குப் பெயரிட வேண்டிய அந்த இடத்தில் இசையமைப்பாளர்கள் கடிதம் எழுதினார்கள்: நண்பர்களுக்கு வணக்கம், மெட்டு எந்த மனநிலையில் எழுதப்பட்டது என்ற குறிப்பு, வாத்தியத்தைத் திருடாதீர்கள் என்ற வேண்டுகோள். பாட்டைக் கேட்பவர் கூடவே ஒரு கடிதத்தையும் படிக்கிறார்.

கேள்வி: நான்கு கிலோபைட்டில் முழுப்பாட்டு ஒன்று அடங்கும் என்கிறான் என் மகன். இந்தப் பதிலை அச்சிட்டாலே அதைவிட அதிக இடம் பிடிக்குமே?

பதில்: தங்கள் மகன் சொல்வது சரி. கணக்கும் சரிதான்: தமிழில் ஒரு பக்கக் கட்டுரை 4,096 பைட்டுகளைத் தாண்டிவிடும்.

இங்கே வாத்தியமே கோப்பில் இருப்பதில்லை; வாத்தியத்தைச் செய்யும் முறை மட்டுமே இருக்கிறது. எந்த அலை, எவ்வளவு வடிகட்டுதல், எவ்வளவு எதிரொலி என்று சில எண்கள், அவற்றைப் படித்து ஒலியை உருவாக்கும் ஒரு சின்னஞ்சிறு நிரல், சுரப் பட்டியல். எல்லாவற்றையும் கசக்கிச் சுருக்கி ஒரே இயங்கு கோப்பாக்கி விடுகிறார்கள். ஆல்கட்ராஸ் குழுவின் ‘4கிளாங்’ இந்த வேலைக்கென்றே எழுதப்பட்ட கருவி. ஃபார்ப்ராவுஷ் என்ற ஜெர்மானியக் குழு உருவாக்கிய ‘வி2’ என்ற கருவி, போட்டிகளில் வைக்கப்படும் 64 கிலோபைட் அளவு எல்லைக்கு உரியது. அந்தக் குழு 2000-ஆம் ஆண்டில் டென்மார்க் கூடலில் காட்டிய 64 கிலோபைட் படைப்பு, பத்து நிமிடம் அளவுக்குக் காட்சியும் இசையுமாக ஓடியபோது, எங்கோ ஒளித்துவைத்த கோப்பு ஒன்று இருக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றியிருக்கும்.

இதன் கடைக்கோடியைக் காண விரும்பினால் 2011-இல் விஸ்நட் என்ற புனைபெயர் கொண்ட பின்லாந்துக்காரர் பரப்பிய ‘பைட்பீட்’டைப் பாருங்கள். நொடிக்கு 8,000 முறை ஒன்று ஒன்றாகக் கூடும் ஓர் எண்; அதைப் பெருக்கியும் இட வலமாக நகர்த்தியும் கலக்கும் ஒரே ஒரு வரிச் சூத்திரம்; வரும் விடையின் கடைசி எட்டுப் பிட்டுகள் நேரே ஒலிபெருக்கிக்குப் போகின்றன. சுரத்தாள் இல்லை, வாத்தியம் இல்லை. ஆனாலும் தாளமும் மெட்டும் கேட்கின்றன. இதை நான் மணிக்கணக்கில் கேட்கமாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: போட்டியில் நடுவர்கள் யார்? இவ்வளவு தொழில்நுட்பம் அடங்கிய இசைக்கு எப்படி மதிப்பெண் போடுகிறார்கள்?

பதில்: பொதுவாக நடுவர் குழு என்று ஒன்று கிடையாது, கூடலுக்கு வந்திருப்பவர்களே வாக்களிக்கிறார்கள். பதிவுகள் அளவுக்கு மீறிக் குவியும்போது மட்டும் அமைப்பாளர்கள் ஒரு முன்தேர்வு செய்து, மேடைக்குரியவற்றைக் குறைத்துக்கொள்வார்கள். பிறகு பெரிய அரங்கில், பெரிய ஒலிபெருக்கிகளில், ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் ஒலிக்கப்படும். பல கூடல்களில் இசையமைப்பாளரின் பெயரை முடிவு வரும்வரை திரையில் காட்டுவதில்லை. புகழ்பெற்ற புனைபெயருக்குக் கைதட்டல் முந்திக்கொள்ளும் என்பதால் ஏற்பட்ட நல்ல வழக்கம் அது. ஒரு பாட்டுக்கு மூன்று நிமிடத்தை ஒட்டிய கால எல்லையும் பெரும்பாலும் இருக்கும். டிராக்கர் இசைக்கு ஒரு பிரிவு, பழைய கணினிகளுக்கு ஒரு பிரிவு, இயங்கு கோப்பாக வரும் இசைக்கு ஒரு பிரிவு, எந்தக் கருவியில் செய்தாலும் சரி என்று பதிவாக அனுப்பும் இசைக்கு ஒரு பிரிவு எனக் கூடலுக்குக் கூடல் பாகுபாடு மாறும்.

எனக்குப் பிடித்தது அவசரப் போட்டி. எல்லோருக்கும் ஒரே ஒலித் துண்டுகளைக் கொடுத்து, ஓரிரு மணி நேரம் கெடு வைப்பார்கள். அவற்றுள் இசைக்குச் சற்றும் உதவாத ஒரு துண்டு, இருமலோ கதவு சாத்தும் ஓசையோ, வேண்டுமென்றே கலந்திருக்கும். அதை யார் வாத்தியமாக்கினார் என்பதில்தான் வேடிக்கை.

வாக்கெடுப்பு முறை நியாயமானதா என்றால், முழுவதும் இல்லை என்பேன். அரங்கின் சத்தத்தில் முதல் இருபது நொடியில் பிடித்திழுக்காத மெட்டு பின்தங்கிவிடும். பின்னிரவில் இருபதாவதாக வரும் மென்மையான பாட்டைத் தூக்கக் கலக்கத்தில் எவர் கவனிப்பார்? இந்த அநீதி காலப்போக்கில் ஓரளவு நேராவது கேட்போர் வட்டத்தினால்தான். அதைப் பற்றிய கேள்விகள் அடுத்து வருகின்றன.

கேள்வி: இத்தனையும் நிரல் வித்தைதானே? அந்த வித்தையை எடுத்துவிட்டால் இசையாக எஞ்சுவது என்ன?

பதில்: பல பாட்டுகளில் ஒன்றும் எஞ்சாது, இதை மறைப்பதற்கில்லை. ஆனால் 1993-இல் அசெம்பிளியில் முதலிடம் பெற்ற ஃப்யூச்சர் குரூ குழுவின் டெமோவுக்கு, பர்ப்பிள் மோஷன் என்ற பெயரில் இன்னொருவரோடு சேர்ந்து இசையமைத்த யோன்னே வால்டோனன், பின்னாளில் ஜெர்மனியின் மேற்கு ஜெர்மானிய வானொலி இசைக்குழு வாசித்த விளையாட்டு இசை நிகழ்ச்சிகளுக்கு முழு வாத்தியக் குழுவுக்கான இசைக்கோவை எழுதினார். நான்கு தடத்தில் பழகிய கை நூறு வாத்தியக்காரர்களையும் தாங்கியது. யேஸ்பர் கிட் அமிகா டெமோக்களிலிருந்து ‘ஹிட்மேன்’ விளையாட்டுகளின் இசைக்குப் போனார். கேப்டன் என்று அறியப்பட்ட மார்க்குஸ் கார்லோனன் ‘போயட்ஸ் ஆஃப் தி ஃபால்’ என்ற பின்லாந்து ராக் குழுவின் விசைப்பலகைக் கலைஞர். 1998-இல் வந்த ‘அன்ரியல்’ விளையாட்டின் இசை முழுவதும் டிராக்கர் கோப்புகளாகவே வட்டில் இருந்தது. காட்சியில் சண்டை மூண்டதும் இசை அதே கோப்பின் வேறொரு பக்கத்துக்குத் தாவியதைப் பதிவு செய்த இசையால் அந்த நாளில் எளிதில் செய்திருக்க முடியாது.

கேள்வி: இதையெல்லாம் இன்று கேட்பவர்கள் யார்? போட்டி முடிந்ததும் இந்தப் பாட்டுகள் எங்கே போகின்றன?

பதில்: விற்பனைக்கு வராத இசை இது. இசைநிறுவனமோ தட்டோ இல்லாததால், வட்டுகள் கெட்டுப்போனால் பாட்டும் போயிற்று என்ற நிலை 1990-களில் உண்மையாகவே இருந்தது. அதைத் தடுத்தவர்கள் கேட்போரே.

அவர்கள் கட்டிய களஞ்சியங்களுள் மூன்றைச் சொல்கிறேன். 1996-இல் தொடங்கிய ‘மாட் ஆர்க்கைவ்’ டிராக்கர் கோப்புகளைச் சேர்த்து வருகிறது. ‘அமிகா மியூசிக் பிரசர்வேஷன்’ புனைபெயர்களுக்குப் பின்னால் உள்ள இசையமைப்பாளர்களைத் தேடிப் பிடித்து, எந்தப் பாட்டு யாருடையது என்று வரிசைப்படுத்துகிறது. காமடோர் 64-க்கென்று உள்ள ‘ஹை வோல்டேஜ் சிட் கலெக்‌ஷன்’ 50,000-க்கும் மேற்பட்ட மெட்டுகளைக் கொண்டது. இவற்றில் ஒலிப்பதிவு எதுவும் கிடையாது. ஒவ்வொரு மெட்டுக்கும் அந்தக் கணினியில் ஓடிய இசை நிரலையே பிய்த்தெடுத்து வைத்திருக்கிறார்கள். உங்கள் கருவி அந்தப் பழைய கணினியைப் போல் நடித்துக்கொண்டு அதை ஓட்டுகிறது. எந்த மெட்டு எந்தப் பழைய பாட்டின் தழுவல் என்பதைக் கேட்டே கண்டுபிடித்து எழுதிவைத்த குறிப்பேடு ஒன்றும் அதனோடு வருகிறது. சம்பளம் வாங்கும் ஆய்வாளர்கள் செய்யத் தயங்கும் வேலை இது.

கூடிக் கேட்கும் இடம் என்றால் 2000-இல் தொடங்கிய ‘நெக்டரின்’ இணைய வானொலியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அங்கே அடுத்து என்ன ஒலிக்க வேண்டும் என்பதைக் கேட்போரே வரிசையில் சேர்க்கிறார்கள். ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மதிப்பெண் தருகிறார்கள். ஒற்றை வரியில் அரட்டையும் நடக்கிறது. 1991-இல் ஏதோ ஒரு வட்டின் மூலையில் கிடந்த மெட்டுக்கும் போன ஈஸ்டரில் பரிசு வாங்கிய மெட்டுக்கும் அந்த வரிசையில் ஒரே மரியாதை. அரங்கில் பின்தங்கிய மென்மையான பாட்டுகள் மறுபிறவி எடுப்பது இங்கேதான். இன்னொரு புறம், கேட்போரின் காது சில நேரங்களில் அச்சுறுத்தும் அளவுக்குக் கூர்மையானது. சவுண்ட்டிராக்கர் காலத்தில் பரவிய ‘எஸ்டி-01’ என்ற வட்டின் ஒலிகளை அவர்கள் முதல் சுரத்திலேயே பெயர் சொல்லி அழைப்பார்கள்.

கேள்வி: ஒரு பெரிய பாப் பாடலில் டெமோசீன் மெட்டு ஒன்று எடுத்தாளப்பட்டதாக வழக்கு நடந்ததாமே?

பதில்: ஆம். டெம்பெஸ்ட் என்ற புனைபெயருடைய பின்லாந்துக்காரர் யான்னே சுனி நான்கு தடத்தில் அமைத்த மெட்டு ஒன்று, 2000-ஆம் ஆண்டு அசெம்பிளியின் பழைய கணினிப் பிரிவில் முதல் பரிசு பெற்றது. 2002-இல் நார்வேக்காரர் ஒருவர் அவருடைய இசைவோடு அதைக் காமடோர் 64-க்கு மாற்றி எழுதினார். 2006-இல் நெல்லி ஃபுர்ட்டாடோ வெளியிட்ட, டிம்பலாண்ட் தயாரித்த ஒரு பாடலில் அந்த மெட்டு ஒலிக்கிறது என்ற குற்றச்சாட்டு 2007-இன் தொடக்கத்தில் எழுந்தது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டி உலகறியச் செய்தவர்கள் வழக்கறிஞர்கள் அல்லர், இந்த வட்டத்தின் கேட்போர்.

அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கு, பதிப்புரிமைப் பதிவு குறித்த சட்ட நடைமுறை நிறைவேற்றப்பட்டதாக வாதி நிறுவவில்லை என்ற காரணத்தால் தள்ளுபடியானது. 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அதாவது அந்தத் தீர்ப்பு, மெட்டு எடுக்கப்பட்டதா என்ற கேள்விக்கான விடையில் நிற்கவில்லை. வட்டு கைமாறிப் பரவுவதையே வெளியீடு என்று கருதி வளர்ந்த ஒரு வட்டம், எங்கே எப்போது ‘வெளியிடப்பட்டது’ என்று துல்லியமாகக் கேட்கும் சட்டத்தின் முன்னால் திகைத்து நின்றது.

கேள்வி: யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியமாக அறிவித்துவிட்டதாகப் படித்தேன். உண்மையா?

பதில்: பாதி உண்மை. யுனெஸ்கோ உடன்படிக்கையின்படி ஒவ்வொரு நாடும் தனக்கென வைத்திருக்கும் வாழும் மரபுகளின் பட்டியலில்தான் இது சேர்க்கப்பட்டது. பின்லாந்து 2020-இலும், ஜெர்மனியும் போலந்தும் 2021-இலும், நெதர்லாந்து 2023-இலும் சேர்த்தன. யுனெஸ்கோவின் உலகப் பட்டியல் வேறு.

கேள்வி: முதன்முதலாகக் கேட்கத் தொடங்குபவர் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: அமிகாவில் இரண்டு தடங்கள் முழுக்க இடப்புறமும் இரண்டு தடங்கள் முழுக்க வலப்புறமும் ஒலிக்கும். காதணிக் கருவியில் கேட்டால் மண்டை இரண்டாகப் பிளந்தது போலிருக்கும். வாசிக்கும் மென்பொருளில் இரு புறத்தையும் ஓரளவு கலக்கும் அமைப்பு இருக்கும். அதைப் பயன்படுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அன்றைய சிறுவர்களும் தொலைக்காட்சிப் பெட்டியின் ஒற்றை ஒலிபெருக்கியில்தான் பலமுறை கேட்டார்கள். காமடோர் மெட்டுகளில் சில்லின் வகையைப் பாருங்கள்: முற்பட்ட 6581, பிற்பட்ட 8580 ஆகிய இரண்டின் வடிகட்டிகளும் வேறுபடுவதால், தவறான சில்லைத் தேர்ந்தால் மெட்டு மூக்கடைத்ததுபோல் ஒலிக்கும். நொடிக்கு 50 துடிப்புக்கு எழுதிய மெட்டை 60 துடிப்பு கொண்ட அமெரிக்க அமைப்பில் ஓட்டினால் ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இவை சரியானபின், டிராக்கர் கோப்புகளைக் காதால் மட்டும் கேட்காமல் ‘ஓப்பன் எம்பிடி’ அல்லது ‘மில்க்கிடிராக்கர்’ போன்ற இலவச மென்பொருளில் திறந்து, வரிகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். இசைக்குறியீடு தெரியாது என்று எழுதியிருக்கும் வாசகிக்கும் இதுவே என் பதில். அங்கே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

கேள்வி: நான் கேட்ட மெட்டு முடியவே இல்லை. திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. எங்கே நிறுத்துவது?

பதில்: அதற்கு முடிவு என்று ஒன்று எழுதப்படவே இல்லை. பயனர் விசையை அழுத்தும்வரை முகப்புக் காட்சியில் ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த மெட்டு, இறுதிக்கு வந்ததும் தொடக்கத்துக்கோ இடையில் குறித்த ஓர் இடத்துக்கோ திரும்பிவிடும். நிரலாக மட்டும் இருக்கும் மெட்டுக்கு நீளமும் கிடையாது. ஆகவே சிட் களஞ்சியத்தை வளர்ப்பவர்கள், ஒவ்வொரு மெட்டும் எத்தனை நிமிடம் எத்தனை நொடியில் தன் தொடக்கத்துக்குத் திரும்புகிறது என்று குறித்து, ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட தனிப் பட்டியல் ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் மென்பொருளில் அந்தப் பட்டியலை இணைத்துவிட்டால், மெட்டு ஒரு சுற்று முடிந்ததும் ஒலி மெல்லத் தணிந்து அடுத்ததற்குப் போகும். இணைக்காவிட்டால் நீங்கள்தான் எழுந்து நிறுத்த வேண்டும்.